எது ஒன்று? – கார்டூ குப்பியின் இருநூறு ஆண்டுகள்

நூல்களைப் பற்றிப் பேசிக் கலைவதே நம் குழுவின் வழக்கம். சென்ற கூடுகையில் மட்டும் பேச்சு வேறு திசையில் போயிற்று. எடின்பரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், அன்று பேசவிருந்த நூலோடு ஒரு குப்பியையும் மேசைமேல் வைத்தார். ‘கார்டூ, சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி, 12 ஆண்டுகள், 40 விழுக்காடு’ என்பது அதன் முகப்புச் சீட்டு. குழுவில் மூத்தவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருமான ஐயா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு கேட்டார்: “தம்பி, ஒற்றை என்று போட்டிருக்கிறதே, எது ஒன்று?”

கேள்வி எளியது. விடைகள் மூன்று வந்தன. ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்றார் ஒருவர். ஒரே வகைத் தானியத்தால் ஆனதால் ஒற்றை என்றார் இன்னொருவர். ஒரே முறை வடித்தது என்றார், சற்றுத் தயங்கியபடி, மூன்றாமவர். மூன்றும் பிழை! குப்பியைக் கொணர்ந்தவர் சொன்ன விடைதான் சரி: ஒரே வடிப்பாலை. குப்பிக்குள் எத்தனை பீப்பாய்களின் விஸ்கி வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். பன்னிரண்டாண்டுப் பீப்பாயும் இருபதாண்டுப் பீப்பாயும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அத்தனையும் ஒரே இடத்தில் வடித்தவையாய் இருத்தல் வேண்டும்.

“அப்படியானால் ஊர்தான் ஒன்று என்று சொல்லுங்கள்” என்றார் ஐயா.

இப்படித் தொடங்கிய பேச்சுதான் இப்பதிவுக்கு வித்து. அக்குப்பியின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க வியப்பே மிஞ்சியது. ‘சிங்கிள்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தெளிவான வரையறை தந்தது 2009-இல்தான். அந்த வரையறை பிறக்க நேர்ந்த பூசலுக்கு நடுநாயகமாய் நின்றதும், நம் மேசைமேல் இருந்த அதே கார்டூதான். (குடிக்கச் சொல்லும் பதிவன்று இது. குடிப்போர் எதைக் குடிக்கிறோம் என்று அறிந்து குடிப்பதில் பிழையில்லை என்ற அளவில் எடுத்துக்கொள்க.)

முதலில் பண்டம் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்ட விடுவார்கள். முளை விடும்போது தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதற்கு ஆயத்தமாகிறது. உரிய தருணத்தில் சூளையில் உலர்த்தி முளையை நிறுத்துவார்கள். இந்த முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். சூளைக்கு விறகில்லாத ஊர்களில் பீட்டை எரித்தார்கள். சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிக் கிடந்த செடிகொடிகளை வெட்டியெடுத்து உலர்த்திய கட்டியே பீட். சில விஸ்கிகளில் எழும் புகைமணம் அதிலிருந்து வருவது. மால்ட்டை அரைத்து, வெந்நீரில் கரைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைத்தால் ஏறத்தாழ பீர் போன்ற ஒன்று கிடைக்கும். அதனைச் செம்பாலான வாலையில் பெரும்பாலும் இருமுறை காய்ச்சி வடிப்பார்கள். (நம் சித்த மருத்துவர்கள் வடிகலத்துக்கு வழங்கும் ‘வாலை’ என்ற சொல் இங்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!) முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் ஓக் மரப்பீப்பாயில் அடைப்பார்கள். அப்போது அது நிறமற்ற நீர் போலிருக்கும். மரத்தினுள் உறங்கி எழும்போதுதான் அது விஸ்கி.

வாலையின் வயிறு, கழுத்து, கழுத்தின் சாய்வு ஆகிய ஒவ்வொன்றும் சுவையை மாற்றும் என்பர் அறிந்தோர். ஆகவே ‘ஒரே ஆலை’ என்பது வெற்று முகவரியன்று. ஒரு சுவையின் பெயரும் கூட. இதை மனத்தில் இருத்திக்கொண்டு ஸ்பே ஆற்றங்கரைக்குப் போவோம்.

ஸ்காட்லாந்தில் இம்மதுவைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று ஓர் அரசுக் கணக்கேடு. மன்னர் நான்காம் ஜேம்ஸின் காலம். 1494-ஆம் ஆண்டுக் கணக்கு. ஜான் கோர் என்னும் துறவிக்கு ‘உயிர்நீர்’ வடிப்பதற்காக எட்டு ‘போல்’ மால்ட் அளித்ததாக இலத்தீனில் பதிவு இருக்கிறது. அவ்வுயிர்நீரின் கேலிக் மொழிப்பெயர்தான் மருவி விஸ்கி ஆயிற்று. கல்வெட்டில் நிவந்தக் கணக்குப் படித்துப் பழகிய நமக்கு, ஒரு நாட்டின் மது வரலாறும் தானியக் கணக்கில்தான் தொடங்குகிறது என்பது மகிழ்ச்சி தருவதே!

1644-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் மதுவின்மேல் தீர்வை விதித்தது. 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் சுமை ஏறியது. வரி ஏற ஏற, மலைநாட்டு உழவர்கள் வாலையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்குள் மறைந்தார்கள். விளைந்த பார்லியைக் குளிர்காலத்தில் விஸ்கியாக்கி விற்றால்தான் நிலக்குத்தகை கட்ட முடியும் என்பது அவர்கள் நிலை. அவர்களைக் கள்ளச்சாராயம் காய்ச்சியோர் என்று ஒரே சொல்லில் கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

அத்தகையோரில் ஒருவர் ஜான் கம்மிங். 1811-இல் நாக்காண்டோ வட்டாரத்தில், ஸ்பே ஆற்றுக்கு மேலே மேட்டில் அமைந்த கார்டோ என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். கார்டோ, கார்டூ இரண்டும் ஒரே பெயரின் இருவேறு எழுத்து வடிவங்கள். ‘கரும்பாறை’ என்று பொருள் சொல்வர். உரிமமின்றி வடித்த குற்றத்துக்காக ஜான் 1816-இல் தண்டமும் கட்டியிருக்கிறார். ஆனால் அவ்வாலையின் உண்மையான தலைவி அவர் மனைவி ஹெலன்.

ஹெலனைப் பற்றி அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை சுவையானது. அந்த வட்டாரத்தில் விடுதி ஏதும் இல்லை. ஆகவே தேடுதலுக்கு வரும் தீர்வைத் துறையினர் கார்டோ பண்ணையிலேயே தங்க வேண்டியிருந்தது! அவர்கள் வரும் செய்தி எட்டியதும் வடிகலங்களை மறைத்து, கையெல்லாம் மாவு பூசிக்கொண்டு, ரொட்டி சுடுபவளாக வாயிலில் வந்து நிற்பாளாம் ஹெலன். புளித்த மாவின் மணத்துக்கும் புளித்த மால்ட்டின் மணத்துக்கும் வேறுபாடு காண எந்த அதிகாரியால் இயலும்? அவர்களை உட்காரவைத்து உணவு பரிமாறிவிட்டு, நழுவிப் போய்க் களஞ்சியத்தின்மேல் செங்கொடி ஒன்றை ஏற்றுவாள். பள்ளத்தாக்கில் இருந்த மற்ற வடிப்போர்க்கு அது எச்சரிக்கை. (செங்கொடிக்குத்தான் எத்தனை பயன்கள்!) கதையில் கூட்டல் இருக்கலாம். கொடி ஏற்றியது தன் பண்ணையைக் காக்க மட்டுமன்று, அக்கம்பக்கத்தாரையும் காக்க என்பதே அதில் நாம் வியப்பது.

1823-இல் சட்டம் மாறியது. ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு கட்டினால் முறையான உரிமம் என்றாயிற்று, தீர்வையும் குறைந்தது. அடுத்த ஆண்டே கம்மிங் குடும்பம் உரிமம் பெற்றது. அதே 1824-இல் பக்கத்துக் கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் முதல் உரிமம் பெற்ற ஜார்ஜ் ஸ்மித், உரிமம் பெறாத அண்டைவீட்டாரின் சினத்துக்கு அஞ்சி இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு நடமாட வேண்டியிருந்தது.

ஹெலனின் மருமகள் எலிசபெத். கணவர் லூயிஸ் 1872-இல் மறைந்தபின் ஆலையை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஒரு கைம்பெண், சிறு பண்ணையாலை, சுற்றிலும் பெருகிவரும் போட்டியாளர்கள் என்ற நிலையில் அவர் செய்தது விற்றுவிட்டுப் போகும் வேலையை அன்று. 1880-களின் நடுவில் பக்கத்து நிலத்தில் புதிய, பெரிய ஆலை ஒன்றையே எழுப்பினார். பழைய வாலைகள், நீர்ச்சக்கரம் முதலான தளவாடங்களை 1886-இல் ஒருவருக்கு விற்றார். விலை 119 பவுண்டு 19 ஷில்லிங் 10 பென்ஸ். இரண்டே பென்ஸ் குறைய 120 பவுண்டு! அந்த இரண்டு பென்ஸைக் குறைக்க எவ்வளவு நேரம் பேரம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

வாங்கியவர் வில்லியம் கிராண்ட். மோர்ட்லாக் ஆலையில் இருபதாண்டுகள் பணிபுரிந்து சேர்த்த பணத்தோடு, ஏழு மகன்களையும் இரண்டு மகள்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, டஃப்டவுன் ஊரில் தமக்கென ஓர் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்தார். கார்டூவின் பழைய வாலையில் அவர் முதல் வடிப்பைக் கண்டது 1887-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில். அவ்வாலையின் பெயர் கிளென்ஃபிடிக். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 116 ஆண்டுகள் கழித்து இவ்விரு வீட்டாரும் மீண்டும் எதிரெதிரே நிற்பார்கள்.

1893-இல் எலிசபெத் ஆலையை விற்றார். வாங்கியது கில்மார்னாக் நகரத்து ஜான் வாக்கர் நிறுவனம். விலை 20,500 பவுண்டு. தம் மகன் நிருவாகத்தில் தொடர வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொண்டுதான் கையொப்பமிட்டார். வாக்கர் அவ்வாலையை வாங்கியதன் நோக்கம் கார்டூ என்ற பெயரைக் குப்பியில் ஒட்டுவதன்று. தம் கலவை விஸ்கிக்கு ஓர் உறுதியான உள்ளிடுபொருள் வேண்டும் என்பதே.

இங்கே கலவையின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1830-இல் அயர்லாந்தின் முன்னாள் தீர்வை அதிகாரி ஈனியஸ் காஃபி, இடைவிடாமல் வடிக்கும் தூண் வடிவ வாலைக்குக் காப்புரிமை பெற்றார். மக்காச்சோளம், கோதுமை என்று எதைப் போட்டாலும் மலிவாக, இரவுபகலாக வடிக்கும் பொறி அது. சாரம் தூயது; ஆனால் மணம் மெலிந்தது. அதனோடு மணம் மிக்க மால்ட்டைக் கலந்தால், யாருக்கும் பிடிக்கக்கூடிய, என்றும் மாறாத, மலிவான விஸ்கி கிடைக்கும் எனக் கண்டார்கள் எடின்பரோ வணிகர்கள். 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. பிரான்சில் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்துப் பிராந்தி அரிதானதும், கலவை ஸ்காட்ச் உலகெங்கும் பாய்ந்தது.

‘அதெல்லாம் விஸ்கியே அல்ல’ என்று வாலைக்காரர்கள் முழங்கினார்கள். இலண்டனின் இஸ்லிங்டன் நகரசபை 1905-இல் இரு மதுக்கடைக்காரர்கள்மேல் வழக்குத் தொடர்ந்தது. 1906-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராயிற்று. விஸ்கி என்றால் என்ன என்று கண்டறிய 1908-இல் அரச ஆணையமே அமர்ந்தது! அடுத்த ஆண்டு வெளிவந்த அதன் முடிவு: இரண்டு வகை வாலையில் வடித்ததும் விஸ்கியே. மால்ட் கட்சி தோற்றது. (தானியமே இல்லாமல் கரும்பு வெல்லப்பாகுச் சாரத்தில் மணம் சேர்த்ததெல்லாம் நம் ஊர்க் கடைகளில் விஸ்கி என்ற பெயரில் விற்பதையும், ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அப்பெயரை மறுப்பதையும் பார்த்தால், ஆணையத்தின் கேள்விக்கு இன்னும் உலகம் ஒரே விடை சொல்லவில்லை என்று தெரிகிறது.)

தோல்வியின் விளைவு ஆழமானது. நூற்றுக்கணக்கான ஆண்டு மரபுடைய ஆலைகள், பெயர் வெளியே தெரியாத உள்ளிடுபொருள் ஆலைகளாயின. உள்ளூரிலும், எல்ஜின் நகரத்துக் கார்டன் & மேக்ஃபெயில் போன்ற சில வணிகர்களிடமும் மட்டுமே அவற்றின் பெயர் உயிரோடிருந்தது. பெயரில்லாமல் இருப்பதன் விலை என்ன என்பது 1980-களில் தெரிந்தது. தேவை சரிந்து, பீப்பாய்கள் தேங்கிக் கிடந்த அக்காலத்தில், வாக்கர் முதலிய பெரும் பெயர்களையெல்லாம் தன்னுள் அடக்கியிருந்த டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983-ஆம் ஆண்டு ஆலைகளை வரிசையாக மூடியது. ஐலாத் தீவின் போர்ட் எல்லன் மூடியது. வடகோடியின் ப்ரோரா மூடியது. இன்வர்னெஸ் நகரின் கிளென் ஆல்பினும் கிளென் மோரும் மூடி, பின்னர் இடித்துத் தரைமட்டமாயின. குடிப்போர் யாரும் குரல் எழுப்பவில்லை. எப்படி எழுப்புவார்கள்? அப்பெயர்களையே அவர்கள் கேட்டதில்லை. எஞ்சிய பீப்பாய்கள் பின்னாளில் அவ்வாலைகளின் சொந்தப் பெயரில் குப்பிகளாகி வெளிவந்தபோதுதான் உலகம் கைசேதப்பட்டது. ப்ரோரா 2021-இலும் போர்ட் எல்லன் 2024-இலும் மீண்டும் வடிக்கத் தொடங்கின. இன்வர்னெஸ் ஆலைகள் திரும்பப் போவதில்லை.

இடையில் காற்றைத் திருப்பியவர்கள் கிராண்ட் குடும்பத்தார். 1963-இல் கிளென்ஃபிடிக்கை மால்ட்டாகவே, தன் பெயரிலேயே, ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைப்போடு விற்கத் துணிந்தார்கள். அது பலிக்காது என்று வணிக உலகம் எண்ணியது, பலித்தது. கால் நூற்றாண்டு கழித்து மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1988-இல் லாகவூலின், டாலிஸ்கர், ஓபன் உள்ளிட்ட ஆறு ஆலைகளை ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்று ஒரே தட்டில் அடுக்கி வைத்தார்கள். அடுத்த ஆண்டு எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், வேறொருவர்!) ஒவ்வொரு மால்ட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு நூல் எழுதினார். ஆலைப்பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் வழக்கம் இப்படி வேரூன்றியது.

இனி 2003. கார்டூ அப்போது டியாஜியோ நிறுவனத்தின் கையில். ஸ்பெயின் நாட்டில் அதற்கு எதிர்பாராத வரவேற்பு. பன்னிரண்டு ஆண்டு உறங்க வேண்டிய பண்டத்துக்குத் திடீரெனத் தேவை பெருகினால் என்ன செய்வது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் போய் அதிகமாக வடித்துவிட்டு வர இயலாது! நிறுவனம் ஒரு வழி கண்டது. கார்டூ மால்ட்டோடு வேறு ஸ்பேசைட் ஆலைகளின் மால்ட்டையும் கலந்து, ‘சிங்கிள் மால்ட்’ என்றிருந்த இடத்தில் ‘ப்யூர் மால்ட்’ என்று மாற்றியது. குப்பியின் வடிவம் ஏறத்தாழ அதே. பெயர் அதே. ஆலைக்கோ பழைய கார்டோ என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். கார்டூ ஊர்ப்பெயராக இருப்பது ஒழிந்து வணிகப்பெயராக மட்டும் ஆயிற்று.

எதிர்த்து முதலில் எழுந்தது யார் தெரியுமா? கிளென்ஃபிடிக்கின் உரிமையாளரான வில்லியம் கிராண்ட் நிறுவனம்! 120 பவுண்டுக்குக் கார்டூவின் பழைய வாலைகளை வாங்கியவரின் வழித்தோன்றல்கள். கடும் வாதம் எழுந்தது. செய்தி பாராளுமன்றம் வரை போயிற்று. 2004 மார்ச்சில் ‘ப்யூர் மால்ட்’ பின்வாங்கப்பட்டது. ஆலைக்கும் குப்பிக்கும் பழைய பெயரும் பழைய சொல்லும் திரும்பின.

நடுநிலையோடு பார்த்தால் டியாஜியோ தரப்பிலும் நியாயம் உண்டு. அன்றைய சட்டத்தை அது மீறவில்லை. கலந்தவையும் மால்ட்டே. பல ஆலை மால்ட்டுகளைத் தேர்ந்து கலப்பது இழிவான தொழிலும் அன்று. நன்கு கலந்த ஒன்று, சுமாரான சிங்கிள் மால்ட்டைத் தோற்கடிக்கும் என்பது நம் நாவறிந்த உண்மை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: எதிர்த்தவர்களின் கிளென்ஃபிடிக் குப்பிகளிலேயே முன்பு ‘ப்யூர் மால்ட்’ என்ற தொடர் அச்சாகியிருந்தது! ஆயினும் ஒன்று. பல ஆலைக் கலவைக்கு ஒரே ஆலையின் பெயரை அப்படியே வைத்தால், ஐயா கேட்ட கேள்விக்கு விடையே இல்லாமற் போகும். பெயர் மட்டும் நின்று, இடம் நழுவிவிடும். 1983-இல் பெயரில்லாத இடங்கள் அழிந்தன. 2003-இல் இடமில்லாத ஒரு பெயர் பிறக்கப் பார்த்தது. கிராண்ட் தரப்பின் உள்நோக்கம் வணிகமே ஆயினும், அவர்கள் வென்றதில் நமக்கு மகிழ்ச்சியே.

2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகள் இந்தப் பூசலின் முடிச்சை அவிழ்த்தன. சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் என ஐந்தே வகை. ‘ப்யூர் மால்ட்’ என்ற சொல்லுக்குத் தடை. ஓர் ஆலையின் பெயரை அங்கே வடிக்காத விஸ்கிக்குச் சூட்டவும் தடை. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணில், குறைந்தது மூன்றாண்டு உறங்கியிருக்க வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத செறிவு வேண்டும். 2012 நவம்பருக்குப் பின் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே குப்பியில் அடைத்தாக வேண்டும்.

சரி, கடையில் பத்துக் குப்பிகளின் முன் நிற்பவருக்கு இவ்வரலாறு எதற்கு உதவும்? சீட்டைப் படிக்க உதவும். ஆலைப்பெயர்க்கு அடுத்தபடி நாம் பார்ப்பது செறிவு. 40-க்குப் பதில் 46 என்றிருந்தால், குளிரவைத்து வடிகட்டாமல் அடைத்திருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வாறு வடிகட்டினால் நீர் சேர்க்கையில் கலங்காது. ஆனால் நாவில் படியும் நெய்ப்பும் சற்றுக் குறையும். நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன. செம்பொன்னாய் ஒளிர்வது முதுமையின் அடையாளமாகவும் இருக்கலாம், ஒரு கரண்டிப் பாகாகவும் இருக்கலாம். பீப்பாயைப் பற்றிச் சீட்டில் ஏதேனும் சொல்லியிருந்தால் அது பயன்மிக்க செய்தி. அமெரிக்க போர்பன் அடைத்திருந்த பீப்பாய் வெனிலாவும் தேனும் போன்ற மணத்தைத் தரும். ஸ்பெயினின் ஷெர்ரி ஊறிய பீப்பாய் உலர்திராட்சை, பேரீச்சை, கிராம்பு போன்ற மணங்களைத் தரும்.

ஆண்டு எண்ணைப் பற்றிப் பலருக்கும் மயக்கம் உண்டு. 12 என்றால், கலந்த பீப்பாய்களில் மிக இளையதன் வயது அது. வயது கூடினால் சுவையும் கூடும் என்பதற்கு உறுதியில்லை. விலை கூடும் என்பதற்கு உறுதியுண்டு! தட்பவெப்பமும் கணக்கில் வரும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு காற்றோடு போகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். 2004-இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்த பெங்களூரின் அம்ருத் ஆலையில் அப்பங்கு பத்து விழுக்காட்டையும் தாண்டும். நம் பக்கத்துத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். அதனால் நான்கைந்து ஆண்டுகளிலேயே அங்கு விஸ்கி முதிர்ந்துவிடுகிறது.

வட்டாரம் பார்த்து வாங்குவது பழைய அறிவுரை. ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என ஐந்து வட்டாரங்களை விதிகளும் ஏற்கின்றன. வழிகாட்டியாக அதை அரைகுறையாகவே நம்பலாம். ஐலா என்றால் புகை என்பர். அத்தீவின் புன்னஹாவன் பெரும்பாலும் புகையின்றியே வடிக்கிறது. ஹைலண்ட் மென்மை என்பர்; அங்குள்ள ஆர்ட்மோர் புகைமணம் கொண்டது. கேம்பல்டவுனில் இன்று பழைய ஆலைகள் மூன்றே. அவற்றுள் ஸ்பிரிங்பேங்க் ஒரே கூரையின்கீழ் மூன்று விதமாக வடித்து, மூன்று பெயர்களில் விற்கிறது. ஒரே ஆலையில் மூன்று! ஐயாவின் கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது.

தலைகீழான வேடிக்கை ஒன்றும் உண்டு. தம் ஆலைப்பெயரை வெளி வணிகர்கள் பயன்படுத்தக் கூடாது என்று கருதும் சில உரிமையாளர்கள், பீப்பாயை விற்குமுன் வேறோர் ஆலையின் மால்ட்டைச் சிறிதளவு சேர்த்துவிடுவார்கள். தேக்கரண்டியிடல் என்று இதற்குத் தொழில்வழக்கு. அந்த ஒரு கரண்டியால் அது சிங்கிள் மால்ட் ஆகும் தகுதியை இழந்துவிடும்! சுவையில் எள்ளளவும் மாற்றமிராது. ஊரறிந்த ஆலையின் விஸ்கி வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

கூடுகைக்குத் திரும்புவோம். வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணங்கள் நம்மிடம் இல்லை. வீட்டிலிருந்த சிறு தம்ளர்களே கிடைத்தன. ஆளுக்கு ஒரு விரற்கடை. முதலில் முகர்ந்தோம், வாயைச் சற்றே திறந்தபடி. அப்படி முகர்ந்தால் சாராய நெடி மூக்கைத் தாக்காது. பேரிக்காய் என்றார் ஒருவர். தேன் என்றார் இன்னொருவர். கதர்க்கடைச் சந்தனச் சோப்பு என்று சாதித்தார் மூன்றாமவர். பிறகு சில துளி நீர். மணம் விரிந்தது, அதுவரை தெரியாதிருந்த மெல்லிய புகை, கடைசியில் வந்து நின்றது. கார்டூ ஆரவாரமில்லாத விஸ்கி. முதன்முதலில் மால்ட் பருகுவோர்க்கு, நெஞ்சை அடைக்கும் ஐலாப் புகையைவிட இதையே நீட்டுவோம். பழகியோர்க்கு இதன் 40 விழுக்காடு சற்று மெலிவாகத் தோன்றலாம், நமக்கும் தோன்றிற்று. இன்றும் அவ்வாலை வடிப்பதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் கலவைக்கே போகிறது என்று நண்பர் சொன்னார்.

ஐயா பருகவில்லை. தம்ளரை முகர்ந்துவிட்டு, அந்தச் செங்கொடிக்காரியின் கதையை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். குப்பியில் பாதிக்குமேல் மீதமிருக்கிறது. அன்று பேசவிருந்த நூலை அடுத்த கூடுகைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.